நேர்முகத் தேர்வு யாருக்கு?

 

நேர்முகத் தேர்வை எதிர்கொள்வது எப்படி என்று நம் இளைஞர்களுக்கு ஊர் ஊராக முகாம் நடத்துகிறோம். எப்படி உடுத்த வேண்டும், எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல பணிதான். மறுப்பதற்கில்லை. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்களே, அவர்களுக்கு யாராவது ஒரு நாள் முகாம் நடத்தியதுண்டா? பள்ளிக்கூடத் தாளாளர், அறக்கட்டளைச் செயலாளர், பள்ளிவாசல் முத்தவல்லி, கடை முதலாளி, மருத்துவமனை நிர்வாகி என்று ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்தில் நம் சமுதாயத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்கள் தயாராகிக்கொண்டா அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள்?

இதை எழுதக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதல் குற்றவாளி நானேதான்.

அந்த ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சமுதாய அறக்கட்டளை ஒன்று நடத்தும் மேல்நிலைப் பள்ளியில் ஆள் எடுத்தார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவர், ஆங்கில ஆசிரியர் ஒருவர், அலுவலக எழுத்தர் ஒருவர். தேர்வுக் குழுவின் ஐந்து பேரில் 'ஹஜ்ரத்தும் ஒருவர் இருக்கட்டுமே' என்று என்னையும் சேர்த்துக் கொண்டார்கள். காலை 9 மணிக்கு வரச் சொல்லி 22 பேருக்குத் தகவல் போயிருந்தது. நாங்கள் தொடங்கியதோ 11.30 மணிக்கு! தலைவர் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் இருந்தார். ளுஹர் பாங்குக்கு முன்பு 22 பேரையும் 'முடித்து' விட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு நான்கு நிமிடம்!

விண்ணப்பங்களை அங்கேதான் முதன்முதலாகப் பிரித்தோம். என்ன கேட்டோம் தெரியுமா? எந்த ஊர்? யாருடைய மகன்? எந்த மஹல்லா? இன்னாரைத் தெரியுமா? எந்த இயக்கம்? இவற்றைத் தவிர உருப்படியாக ஒரு கேள்வி என் நினைவில் இல்லை.

கணக்கில் முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்ற ஒரு சகோதரி வந்தார். கைக்குழந்தையைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தவர். எங்களில் ஒருவர், 'குழந்தை சின்னதா இருக்கே, எத்தனை நாளைக்கு வேலைக்கு வருவீங்க?' என்று கேட்டார். அந்தச் சகோதரி பொறுமையாகப் பதில் சொன்னார். 'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது, 'பிளஸ் டூவில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? போன வருடம் கணக்கில் எத்தனை பேர் தோற்றார்கள்?' என்று கேட்டார்.

ஐந்து பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு, 'தகவல் அனுப்புவோம்' என்றார். கணக்கு ஆசிரியரை எடுக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பள்ளியில் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெரியாது. பரீட்சைக்கு வந்தவருக்குத் தெரிந்திருந்த கேள்வி, பரீட்சை வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. சிபாரிசுக் கடிதத்தோடு வந்த ஒரு தம்பிக்குக் கிடைத்தது. அந்தக் கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து! நம் பணிகளில் ஓடியாடி உழைக்கும் ஒரு சகோதரரின் தம்பி மகன் என்பதற்காக, அவர் பாடம் நடத்தி ஒரு நாளும் பார்த்திராத நான், 'திறமையானவர்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அரையாண்டுத் தேர்வுக்குள் பெற்றோர்கள் டியூஷனுக்கு அலையத் தொடங்கினார்கள். அந்தத் தம்பியும் பாவம், வகுப்பைச் சமாளிக்க முடியாமல் வருடம் முடியுமுன் விலகிவிட்டார். பிள்ளைகளுக்கும் நஷ்டம், அவருக்கும் அவமானம். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பிறர் செய்தால் அநீதி, நாம் செய்தால்?

முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பொய்யில்லை. சுக்தேவ் தோரட், பால் ஆட்டெவெல் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை நிரூபித்துக் காட்டியது. தனியார் நிறுவனங்களின் பத்திரிகை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அந்த வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. தலித் பெயருக்கும் குறைவுதான். 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையும், மக்கள் தொகையில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம் மட்டுமே என்று அம்பலப்படுத்தியது.

இவற்றை எடுத்துச் சொல்லி நீதி கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நம் கையில் இருக்கிற சில ஆயிரம் வேலைகளில் நாம் என்ன செய்கிறோம்? 'என்ன பெயர்?' என்று பார்த்து அவர்கள் ஒதுக்குகிறார்கள். 'யாருடைய மகன்?' என்று கேட்டு நாம் ஒதுக்குகிறோம். ஒதுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒரே வலிதானே! நீதி கேட்கும் வாய் நீதி செய்ய வேண்டாமா?

அமானிதம்

மக்கா வெற்றியின்போது நடந்ததை எண்ணிப் பாருங்கள். கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா என்பவரின் குடும்பத்திடம் இருந்தது. அன்று அதிகாரம் முழுவதும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையில். அந்தப் பொறுப்பைத் தங்களுக்குத் தருமாறு நபிகளாரின் நெருங்கிய உறவினர்களே கேட்டதாக வரலாறு கூறுகிறது. நபி (ஸல்) அவர்களோ உஸ்மான் பின் தல்ஹாவை அழைத்துச் சாவியை அவரிடமே ஒப்படைத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் சேர்த்துவிடுமாறு கட்டளையிடும் 4:58 வசனம் இதையொட்டி இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள்.

அபூதர் (ரலி) அவர்களைவிடப் பேணுதலான மனிதர் யார்? அவர் தமக்கொரு பொறுப்புக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், பதவியோ அமானிதம், தகுதியின்றி ஏற்றவருக்கு அது மறுமையில் இழிவாகவும் கைசேதமாகவும் ஆகிவிடும் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். (நூல்: முஸ்லிம்) நல்லவர் என்பது வேறு, அந்த வேலைக்கு ஏற்றவர் என்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக் கொள்ளுமாறு மத்யனில் தந்தையிடம் சொன்ன பெண்மணி, வலிமை, நம்பகம் என்ற இரண்டு தகுதிகளைச் சொன்னதாகக் குர்ஆன் (28:26) கூறுகிறது. இரண்டும் வேண்டும். நாமோ 'நம்ம பையன், நம்பலாம்' என்ற ஒன்றோடு நின்றுவிடுகிறோம்.

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபிகளார் கேட்டதாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வரும் செய்தியைப் பாருங்கள். உம்மிடம் வழக்கு வந்தால் எப்படித் தீர்ப்பளிப்பீர் என்று கேட்கிறார்கள். அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டு என்கிறார். அதில் காணாவிட்டால் என்று அடுத்த கேள்வி. தூதரின் வழிமுறையைக் கொண்டு என்கிறார். அதிலும் காணாவிட்டால் என்று அதற்கும் அடுத்த கேள்வி! செய்யப்போகும் வேலையிலிருந்தே கேள்வி பிறக்கிறது. பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. வம்சம், ஊர், சொந்தம் பற்றி அங்கே ஒரு கேள்வியும் இல்லை.

சட்டமும் ஆய்வும்

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை குறித்த வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே மொத்தம் 150 மதிப்பெண்ணில் 50 நேர்முகத் தேர்வுக்கு. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். பெற்றோர் யார், ஊர் எது என்பதே கேள்வி. நேர்முகத் தேர்வுக்கு அவ்வளவு மதிப்பெண் ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது நீதிமன்றம். நாங்கள் ஐந்து பேர் அன்று செய்ததும் அச்சு அசலாக அதுதான்!

நம் கல்வி நிறுவனங்களை நாமே நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தருகிறது. அது உயிர்போன்ற உரிமை. ஆனால் அது எல்லையற்றதல்ல. மேற்கு வங்கத்தில் அரசு உதவி பெறும் மதரஸாக்களுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க ஆணையம் அமைத்த 2008-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறிவிட்டது. தகுதியாளரை நாமே தேர்ந்தெடுத்துக் காட்டுவது, அந்த உரிமையைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று என்பதை நிர்வாகிகள் மறக்க வேண்டாம்.

ஆய்வாளர்கள் சொல்வதையும் கேளுங்கள். எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்கால வேலைத் திறனைச் சரியாக முன்கூட்டிக் காட்டுகிறது என்பது பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் ஆகியோர் 1998-இல் எழுதினார்கள். சாக்கெட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தி வெளியிட்டார்கள். முழுப் பொருத்தத்துக்கு 1, பொருத்தமே இல்லையென்றால் 0 என்று வைத்தால், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முறைப்படி கேட்டு மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.42 கிடைக்கிறது. மனம்போன போக்கில் பேசிவிட்டு முடிவு செய்யும் நேர்முகத்துக்குக் கிடைப்பது வெறும் 0.19! 'முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன்' என்று பெருமை பேசும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: விளம்பரம் கொடுக்குமுன் வேலையை எழுதுங்கள். வருபவர் முதல் ஆறு மாதத்தில் என்ன செய்து முடிக்க வேண்டும்? அதற்கு அவசியமான நான்கைந்து தகுதிகள் எவை? வந்தபின் கற்றுக் கொள்ளக்கூடியவை எவை? ஒரு பக்கம் போதும். சம்பளத்தையும் அதிலேயே குறிப்பிடுங்கள். கடைசி நிமிடத்தில் 'ஃபீ ஸபீலில்லாஹ்வாகச் செய்யுங்கள்' என்று சம்பளத்தைக் குறைப்பது தீன்சேவை அல்ல, ஏமாற்று!

இரண்டு: விண்ணப்பங்களை முதல் நாளே படியுங்கள். இரண்டு பேர் தனித்தனியே படித்துக் கேட்க வேண்டியதைக் குறித்து வையுங்கள். முதல் சுற்றில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றை மறைத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் மனசாட்சிக்கே வித்தியாசம் தெரியும்.

மூன்று: குழுவைச் சரியாக அமையுங்கள். மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். அந்தத் துறை தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். பெண்கள் விண்ணப்பித்திருந்தால் குழுவில் ஒரு பெண்மணி இருக்கட்டும். சொந்தக்காரர் தேர்வுக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நான்கு: எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். 'நீங்கள் பொறுமைசாலியா?' என்று கேட்டால் எவர் இல்லை என்பார்? 'தொடர்ந்து மூன்று தேர்வில் தோற்ற ஒரு மாணவனை என்ன செய்தீர்கள்? முதலில் என்ன, பிறகு என்ன, முடிவு என்ன?' என்று நடந்ததைக் கேளுங்கள். அனுபவமில்லாத புதியவராக இருந்தால், இப்படி ஒரு மாணவன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எப்படிப்பட்ட பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஐந்து: வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆசிரியரை வகுப்பில் கால் மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லுங்கள். கணக்கரிடம் ஒரு கட்டு ரசீதுகளைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். கடை மேலாளரிடம் சரக்கு இருப்பேட்டைக் கொடுத்துத் தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இமாமைத் தேர்ந்தெடுக்கும் ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஜும்ஆ பயானில் குரல் எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மக்தபில் பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தலாக் என்று வந்து நிற்கும் ஒரு குடும்பத்தை எப்படி அணுகுவார் என்று கேளுங்கள். ஓர் ஆலிமை நிற்க வைத்து, 'எத்தனை பிள்ளைகள்? வீட்டு வாடகை கட்டுப்படியாகுமா?' என்று விசாரிப்பது தேர்வல்ல.

ஆறு: மதிப்பெண்ணைத் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு பேசுங்கள். தலைவர் கடைசியாகப் பேசட்டும். பணக்காரர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் 'ஆமாம்' போடுவது நம் கூட்டங்களின் பழைய நோய்.

ஏழு: வருகிறவர் விருந்தாளி. சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். குடிக்கத் தண்ணீர், உட்கார இடம், தொழ இடம் கொடுங்கள். செல்போனை அணைத்து வையுங்கள். திருமணம், கர்ப்பம், இயக்கம், மத்ஹபு பற்றிய கேள்விகளை அறவே விடுங்கள். அவர் கேள்வி கேட்கவும் நேரம் கொடுங்கள். பதில் சொல்லத் தயாராகவும் இருங்கள்!

எட்டு: விசாரியுங்கள். ஒருவரைப் பற்றி நற்சான்று சொன்னவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்வி கேட்டார்கள். நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவரோடு பயணம் போனதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்றதும், அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று முடித்துவிட்டார்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் எத்தனை சிபாரிசுக் கடிதங்கள் எழுதியிருக்கிறோம்!

ஒன்பது: கிடைக்காதவருக்கும் பதில் அனுப்புங்கள். 'தகவல் அனுப்புவோம்' என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பது வாக்கு மீறல். அது யாருடைய அடையாளம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சில சமாதானங்கள்

'நாங்கள் சிறிய கடைக்காரர்கள், இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பார்கள். தவறான ஆளை எடுத்து, ஆறு மாதம் சண்டை போட்டு, அனுப்பிவிட்டு, மறுபடி ஆள் தேடும் நேரத்தைக் கணக்கிட்டதுண்டா? ஐந்து கேள்விகளை எழுதி வைக்க அரை மணி நேரம் ஆகுமா?

'கஷ்டப்படும் நம் பிள்ளைகளுக்கு உதவ வேண்டாமா?' என்பார்கள். கட்டாயம் உதவ வேண்டும். ஜகாத் இருக்கிறது, பைத்துல்மால் இருக்கிறது, பயிற்சி கொடுக்க வழி இருக்கிறது. வகுப்பறையில் இருக்கும் 60 பிள்ளைகளின் எதிர்காலத்தை எடுத்து ஒருவருக்கு ஸதகா கொடுக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

'சமுதாயப் பணிக்காக அடி வாங்கியவன், வழக்கைச் சுமப்பவன், அவனுக்கு நம் நிறுவனத்தில்கூட இடமில்லையா?' இதுதான் என்னைப் போன்ற அமைப்புப் பணியாளர்களைத் திணற வைக்கும் கேள்வி. அவருடைய தியாகத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். குடும்பத்துக்கு உதவுவோம், வழக்கை நடத்துவோம், அவர் செய்யத் தெரிந்த வேலை இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்வோம். ஆனால் தேர்வு அவருக்கும் அதே தேர்வுதான். நம் அமைப்பின் அலுவலகங்களிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்று நம் நிர்வாகிகளைப் பகிரங்கமாகவே கேட்டுக் கொள்கிறேன்.

இனியாவது

அந்தச் சகோதரி இப்போது வேறோர் ஊரில், நம் சமுதாயத்தைச் சேராதவர்கள் நடத்தும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அங்கே அவரை வகுப்பில் நிறுத்திப் பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தார்களாம். அவருக்கு ஒரு குறையும் இல்லை. இழந்தது நாம்தான்.

கோடை விடுமுறையில் நம் பள்ளிகள் ஆசிரியர்களைத் தேட ஆரம்பிக்கும். அதற்கு முன்பு ஒவ்வோர் அறக்கட்டளையும் ஒரு மாலை கூடி உட்காருங்கள். வேலையை எழுதுங்கள். கேள்விகளை எழுதுங்கள். யார் குழுவில் இருப்பது, யார் எழுந்து போவது என்று முடிவு செய்யுங்கள். இனி நான் பாடம் நடத்திப் பார்க்காத எவருக்கும் 'திறமையானவர்' என்று கடிதம் எழுதமாட்டேன். கேட்டு வரும் சகோதரர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் ஒருவரின் விதியை எழுதிய நம்மையும் ஒரு நாள் நிற்க வைத்துக் கேட்பார்கள். அந்த விசாரணையில் சிபாரிசுக் கடிதம் செல்லாது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் மக்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.